தரைப்பாலத்துக்கு இந்தப் பக்கம்

எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஃபிட்டராகவே வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன் நான். ஓடாத மிஷினுக்குக் கற்பூரம் காட்டி அது ஓடியதை நான் பார்த்ததில்லை. நட்டை முறுக்கினால்தான் ஓடியது. ஆயுத பூஜைக்குப் பொரி கொடுத்தால் வாங்கித் தின்பேன், அவ்வளவுதான். அப்படிப்பட்ட நான், போன ஆடி மாதம், எல்லையம்மனுக்குக் கட்டிய ஒரு மஞ்சள் கயிற்றுக்காக ரப்பர் பிரஸ் ஒன்றைக் கால்வாயின் அந்தக் கரையிலிருந்து இந்தக் கரைக்கு நகர்த்தினேன். யுவராணியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கதை அங்கேதான் போய்ச் சேரும். ஆனால் அவள் எப்படிப்பட்டவள் என்று தெரியாமல் அது யாருக்கும் புரியாது.

அவள் பிறந்தது அயனம்பாக்கம் ஏரியை ஒட்டிய எங்கள் தெருவில்தான். அப்பா சின்னசாமி, அம்மா சொர்ணம். இரண்டு பேரும் பிறத்தியார் நிலத்தில் நாற்று நட்டுக் களை பறித்தவர்கள். அந்த நிலமெல்லாம் மனையாகி, மனையெல்லாம் அடுக்குமாடியாகி, இன்று அதில் ஐ.டி. கம்பெனிக்காரர்கள் குடியிருக்கிறார்கள். சின்னசாமி வயசான பிறகு அதே இடத்தில் வாட்ச்மேன் உடுப்புப் போட்டுக்கொண்டு கேட்டைத் திறந்து மூடினார். இதைச் சொல்லி யாராவது உச்சுக் கொட்டினால் யுவராணிக்குப் பற்றிக்கொண்டு வரும். "நெலம் எங்களுதா இன்னா? அப்பவும் கூலி, இப்பவும் கூலி. இப்பனாச்சும் எங்கப்பா செருப்பு போட்டுக்கினு நிக்கிறாரு" என்பாள். உச்சுக் கொட்டியவர் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கமாட்டார்.

பத்தாவது முடித்ததும் எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோருக்கும் கிடைக்கிற வேலைதான் அவளுக்கும் கிடைத்தது. பிசிர் வெட்டுகிற வேலை. அச்சிலிருந்து வரும் ரப்பர் சாமான்களின் ஓரத்தில் மெல்லிசாகப் பிசிர் ஒட்டியிருக்கும். அதைக் கத்தரியால் வெட்டிச் சுத்தம் செய்து தர வேண்டும். ஞானசேகரன் என்கிற காண்டிராக்டர் காலையில் மூட்டையை வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போவார், சாயந்திரம் வந்து அள்ளிக்கொண்டு போவார். இந்தச் சாமான் எந்தக் கம்பெனிக்குப் போகிறது என்று கேட்டால், "உனுக்கு இன்னாத்துக்கு அதெல்லாம்? கையப் பாத்து வெட்டு" என்பார். கல்யாணம் ஆகி, கால் டாக்ஸி ஓட்டுகிற அரவிந்தனோடு அதே தெருவில் குடித்தனம் வைத்த பிறகும் மூட்டை வருவது நிற்கவில்லை.

ஒருநாள் காலை அவளே நிறுத்தினாள். வாசலில் இறக்கிய மூட்டையைக் காலால் தள்ளி, "எடுத்துக்கினு போ" என்றாள். ஞானசேகரன் சிரித்தார். "எங்க போவ?" என்று கேட்டார்.

"அச்சு போடுற எடத்துக்குப் போவேன். பிசிர வெட்டி வெட்டி என் ஆயுசே பிசிராப் பூடும் போல கீது."

போனாள். எஸ்டேட்டின் பின் தெருவில் ஒரு சின்ன ரப்பர் கம்பெனியில் ஹெல்பராகச் சேர்ந்தாள். பிரஸ் பக்கம் பொம்பளைங்க வரக்கூடாது என்பது அங்கே சட்டம். எழுதி வைக்காத சட்டம், அதனால் எழுதி வைத்ததைவிடக் கெட்டி. அவள் பெருக்குகிற சாக்கில் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆபரேட்டர் அச்சில் ரப்பர் கலவை எவ்வளவு வைக்கிறான், தட்டு எவ்வளவு சூடானதும் அழுத்துகிறான், எப்போது திறக்கிறான் என்று எல்லாவற்றையும் பார்த்து வைத்தாள். ஒருநாள் ஆபரேட்டர் வரவில்லை, லாரி வாசலில் நிற்கிறது. அவள் யாரையும் கேட்காமல் போய் நெம்புகோலைப் பிடித்தாள். சூப்பர்வைசர் கத்திக்கொண்டே வந்தான். அவள் திறந்து எடுத்த பீஸைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான். மறுநாளிலிருந்து அவள் பிரஸ்ஸில்தான் நின்றாள்.

ஷிஃப்டுக்குப் போகும் வழியில் எல்லையம்மன் கோவிலில் நின்று குங்குமம் வாங்கி, நெற்றியில் வைத்தது போக மீதியைப் பிரஸ்ஸில் தடவுவது அவள் வழக்கம். நான் சும்மா இருப்பேனா? "அந்தக் குங்குமமா ரப்பர அழுத்துது?" என்று கேட்டேன்.

"நான்தான் அழுத்துறேன் அண்ணாத்தே. அவ பாத்துக்கினு கீறா. யாராச்சும் பாத்துக்கினு இருந்தா நீ வேலைய டபாய்ப்பியா?"

சரிதான், மேல்நாட்டுக் கம்பெனிகள் இதற்குத்தான் கேமரா மாட்டுகின்றன என்று சொல்லிவிட்டு வந்தேன். அவளும் சிரித்தாள்.

சில வருஷம் கழித்து அவள் சொந்தமாக ஒரு பிரஸ் வாங்கினாள். காயலாங்கடைக்குப் போகவிருந்த பழைய பிரஸ் அது. தட்டுகளைச் சூடாக்க மட்டும்தான் கரண்ட், அழுத்துவதற்குக் கையால் பம்ப் அடிக்க வேண்டும். அதைப் பிரித்து மாட்டி உயிர் கொடுத்தது நான். ஏரியின் உபரித் தண்ணீர் போகிற கால்வாய்க்கு அந்தப் பக்கம் தகரக் கூரை போட்ட ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்தாள். முன்பு அவளோடு பிசிர் வெட்டிய மூன்று பெண்களை வேலைக்கு வைத்துக்கொண்டாள். பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும், வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு பெரிய கம்பெனியின் கேட்டுக்குப் போய் நின்றாள். செக்யூரிட்டி துரத்துவான். அடுத்த திங்கள் மறுபடி நிற்பாள். "இந்தம்மாவ உள்ள உடுங்க சார், என்னால மாரடிக்க முடியல" என்று ஒருநாள் அவனே ஆபீசுக்குப் போன் செய்தானாம். இடையில் காண்டிராக்டர் யாரும் இல்லாமல் கம்பெனிக்கு நேராகச் சரக்குக் கொடுப்பதுதான் அவளுடைய ஆசை. ஆடி மாதம் ஒரு தேதியைக் குறித்து, ஆபீசர் வந்து மிஷினையும் அவள் போடுகிற பீஸையும் நேரில் பார்ப்பார், தேறினால் ஆர்டர் என்று சொல்லி அனுப்பினார்கள். வேறு கம்பெனியில் அச்சுப் போட்டு வாங்கித் தருவதாகச் சொல்லி அதே ஆர்டரை ஞானசேகரனும் கேட்டிருந்தார்.

இங்கேதான் எங்கள் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தப்பை அவள் செய்தாள்.

ஆடியில் எல்லையம்மனுக்குத் தீமிதி. தீ மிதிப்பவர்கள் கையில் மஞ்சள் கயிற்றால் காப்புக் கட்டிக்கொள்வார்கள். கட்டிய நாள் முதல் தீமிதி முடிந்து அவிழ்க்கும் வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. யுவராணி வருஷா வருஷம் காப்புக் கட்டுகிறவள். முன்பு வீட்டு வாசலில் பிசிர் வெட்டினாள். பிறகு போன ரப்பர் கம்பெனியில் அந்த நாட்களுக்கு லீவு சொல்லிவிடுவாள். எல்லையைப் பற்றி யோசிக்கவே தேவைப்பட்டதில்லை. போன வருஷம்தான் சொந்த ஷெட் வந்த பிறகு முதல் ஆடி, அப்போதும் பம்பை அடித்ததும் போய்க் கையை நீட்டிவிட்டாள். அவளிடம் வேலை செய்யும் மூன்று பெண்களும் அவளுக்குப் பின்னாலேயே வரிசையில் நின்று கையை நீட்டினார்கள்.

கயிற்றின் முடிச்சு விழுந்த பிறகு ஞானசேகரன் பக்கத்தில் வந்தார். விழாக் கமிட்டித் தலைவரும் அவர்தான். "யுவராணி, ஒன் ஷெட்டு கால்வாய்க்கு அந்தாண்ட தான கீது? தரைப்பாலம் தான் நம்ம எல்லை. மறந்துட்டியா இன்னா?"

அவள் மறந்துதான் போயிருந்தாள். நாங்கள் எல்லோரும்தான். வயல் இருந்தபோது எல்லை எது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இப்போது இந்தப் பக்கமும் வீடு, அந்தப் பக்கமும் வீடு. பாலத்தின் ஓரத்தில் பாதி தாருக்குள் புதைந்து மஞ்சள் குங்குமத்தோடு ஒரு கல் கிடக்கிறது. அதன் மேல் கால் வைத்து ஷூ லேஸ் கட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பூசாரியே ஆட்டோவில் போய் நாலு மூலையிலும் எலுமிச்சம்பழம் வெட்டிவிட்டு வருகிறார். ஆனால் ஞானசேகரன் மறக்கவில்லை. காப்புக் கட்டும் வரை வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார் என்று நான் சத்தியம் செய்வேன்.

ஆபீசர் வருவதற்கு நாலைந்து நாள்தான் இருந்தது, தீமிதி அதற்கும் பிறகு. கம்பெனிக்குப் போன் செய்து தேதியை மாற்றக் கேட்டாள். இந்தத் தேதி இல்லையென்றால் வருஷக் கடைசியில்தான், ஆர்டர் அதுவரை காத்திருக்காது என்று சொல்லிவிட்டார்கள். ஆர்டர் ஞானசேகரன் கைக்குப் போகும். அவள் திரும்பவும் வாசலில் உட்கார்ந்து அவருடைய மூட்டையைப் பிரிப்பாள். அதை அவர் மறைக்கவும் இல்லை. "இந்த வாட்டி உட்டுக் குடு. ஆத்தா அடுத்த வருசம் வழி உடுவா" என்று கோவில் வாசலிலேயே ஆறுதல் சொன்னார்.

தெருவில் ஆளுக்கொரு யோசனை. அரவிந்தன் சண்டை சச்சரவு தெரியாத மனிதர். "அவுத்துட்டுப் போ, வந்து மன்னிப்புக் கேட்டுக்கலாம்" என்றார். பூசாரி எலுமிச்சம்பழ மாலை சாத்தினால் தோஷம் போகும் என்றார். நான் என் பங்குக்கு, "கயிறு கயிறுதான். கத்தரிக்கோல் ஒங்கிட்டயே கீது" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் ஒரு அடி பின்னால் போனேன். "யாருக்கு வாக்குக் குடுத்தேன்னு நீ பாக்குற அண்ணாத்தே. குடுத்தது நானு. தேதி தவறாம சரக்கு தரேன்னு கம்பெனிக்காரங்ககிட்ட சொல்லப் போறேன். எல்லையம்மாவுக்குக் குடுத்த வாக்கையே வெட்டிப் போட்டுட்டுப் போறவ, அவங்களுக்கு மட்டும் காப்பாத்திக் கிழிச்சிடுவனா?"

"அப்ப ஆர்டர உட்டுடு."

"அதையும் உட மாட்டேன்." கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருந்த ஷெட்டைப் பார்த்தாள். பிறகு திடீரென்று திரும்பினாள். "நான்தான தாண்டக் கூடாது? மிஷினு காப்புக் கட்டிக்கினு கீதா இன்னா?"

மறுநாள் காலை பாரம் தூக்குகிற செயின் பிளாக், கடப்பாரை, உருளைக்கு இரும்புக் குழாய் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நான் ஷெட்டுக்குப் போனேன். ஏன் போனேன் என்று என்னைக் கேட்கக் கூடாது. கோவிலுக்குச் சீரியல் லைட் கட்டுகிற பாபு தன் ஆட்களோடு வந்தான். குட்டி யானை என்று நாங்கள் சொல்கிற சின்ன சரக்கு வண்டி ஒன்றையும் அரவிந்தன் பிடித்துக்கொண்டு வந்தார். யுவராணி மஞ்சள் புடவையில், தரைப்பாலத்துக்கு இந்தப் பக்கம், கல்லுக்கு ஒரு சாண் தள்ளி நின்றாள். அங்கிருந்தே கத்தினாள்.

"மேல்தட்டக் கட்டு! மேல்தட்டக் கட்டாம தூக்காத! அண்ணாத்தே, அந்தாண்ட சாயுது பாரு!"

"நீ வந்து தூக்குறியா?" என்று நானும் கத்தினேன்.

"தூக்குவேன்! அத்த இங்க கொண்டா, தூக்குறேன்!"

பாலத்தில் போன ஸ்கூல் வேன், ஐ.டி. பிள்ளைகளின் பைக், தண்ணி லாரி எல்லாம் நின்று வேடிக்கை பார்த்தன. வண்டி பாலத்தின் மேட்டில் ஏற முடியாமல் உறுமியது. பின்னால் நின்று தள்ளினோம். முன் சக்கரம் கல்லைத் தாண்டிய உடனே அவளும் மூன்று பெண்களும் ஓடி வந்து பக்கவாட்டில் தோள் கொடுத்தார்கள். அவள் வீட்டுக்குப் பக்கத்தில் கூழ் காய்ச்சப் போட்ட தகரக் கொட்டகையில் பிரஸ்ஸை இறக்கி, மட்டம் பார்த்து போல்ட் அடித்தேன். வீட்டுக் கரண்ட் தட்டுகளின் சூட்டுக்குப் பத்தாது. பாபு தன் ஜெனரேட்டரிலிருந்து வயர் இழுத்தான்.

ஞானசேகரன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "சாமி லைட்டுக்கு வந்த ஜெனரேட்டர்ல பிசினஸா? கமிட்டி ஒத்துக்காது."

பாபு தலையைக்கூடத் தூக்கவில்லை. "லைட்டு ராத்திரிக்குத் தான நைனா. பகல்ல என் ஜெனரேட்டரு சும்மா தான் கீது. அம்மா ஒண்ணும் கேக்கல, நீ இன்னாத்துக்குக் கூவுற?"

குறித்த நாளில் ஆபீசர் வந்தார். பவித்ரா என்று பேர், சேலத்துப் பக்கத்துப் பெண், குடியிருப்பது எங்கள் ஏரிக்கு எதிரே உள்ள ஃபிளாட்டில். முதலில் ஷெட்டுக்குப் போய் வெறும் தரையைப் பார்த்துவிட்டுப் போன் செய்து வழி கேட்டு வந்திருந்தார். முகத்தில் சிரிப்பில்லை. "மிஷின் ஷெட்டுல இருக்குன்னுதானே சொல்லியிருந்தீங்க? இங்க எதுக்குக் கொண்டுவந்தீங்க?"

கூரை ஒழுகிவிட்டது என்று சொல்லச் சொல்லி நான் முதல் நாளே பாடம் நடத்தியிருந்தேன். யுவராணி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையை நீட்டிக் கயிற்றைக் காட்டினாள். "தீ மிதிக்கக் காப்புக் கட்டிக்கினு கீறேன் மேடம். பாலத்தத் தாண்டக் கூடாது. தெரியாம கட்டிட்டேன், இப்ப அவுக்க மாட்டேன். மிஷினு அதே மிஷினு, அச்சு அதே அச்சு. பீஸப் பாருங்க. சரியில்லன்னா சரியில்லன்னு சொல்லிட்டுப் போங்க."

பவித்ரா குனிந்து கயிற்றைப் பார்த்தார். "கையுறைக்குள்ள போகுமா அது?" என்று மட்டும் கேட்டார். போகும் என்று யுவராணி மாட்டிக் காட்டினாள். "சரி, போடுங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

கலவையை அச்சில் வைத்தாள், நெம்புகோலைப் பிடித்துப் பம்ப் அடித்தாள், காத்திருந்தாள், திறந்தாள். பீஸ் கையில் ஒட்டியது. வேகவில்லை. ஜெனரேட்டர் கரண்ட் இறங்கியிருக்கிறது, தட்டில் சூடு போதவில்லை என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. கொட்டகை ஓரத்தில் நின்றிருந்த ஞானசேகரன் தொண்டையைச் செருமினார். பவித்ரா கையை நீட்டுவதற்குள் யுவராணியே அந்தப் பீஸ்களை எடுத்துக் கழிவுப் பெட்டியில் போட்டாள்.

"இது ஆவாது மேடம். வேகல. சூடு ஏறணும், கொஞ்சம் குந்துங்க. பாபு, இன்னா ஆச்சி ஒன் ஜெனரேட்டருக்கு?"

பாபு ஓடிப்போய்ப் பார்த்தான். மைக் செட்டுக்காரன் அதே ஜெனரேட்டரில் கொக்கி போட்டுப் பாட்டு வைத்திருந்தான். அம்மன் பாட்டுதான். யுவராணி கொட்டகைக்கு வெளியே வந்து தெருக்கோடி வரை கேட்கிற மாதிரிக் கத்தினாள். "டேய், பாட்ட நிறுத்து! அம்மா அப்பால கேட்டுக்குவா!"

பாட்டு நின்றது. எல்லோரும் சூடு ஏறுவதற்காகக் காத்திருந்தோம். நம்பிக்கை இல்லாதவனுக்கு வேண்டிக்கொள்ளவும் வழி கிடையாது. அவள் தட்டில் கண் வைத்தபடி அசையாமல் நின்றாள். மறுபடி அச்சை நிரப்பி, அழுத்தி, காத்திருந்து திறந்தாள். பீஸ் பளிச்சென்று வந்தது. மூன்று பெண்களும் உட்கார்ந்து பிசிர் வெட்டினார்கள். பவித்ரா ஒவ்வொன்றாக அளந்தார், கடினம் பார்த்தார், ஒன்றை முறுக்கிக் கிழிக்கப் பார்த்தார். கிழியவில்லை. மத்தியானம் வரை அவளைப் போடச் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பீஸ் நல்லா இருக்குக்கா" என்றார் எழுந்திருக்கும்போது. "ஆனா நான் கையெழுத்துப் போட மாட்டேன். இந்தக் கொட்டகைய என்னால எழுத முடியாது. திருவிழா முடிஞ்சு மிஷின் ஷெட்டுக்குப் போகட்டும், மறுபடி வந்து பாக்கறேன். அதுவரைக்கும் ஆர்டர யாருக்கும் குடுக்க வேணாம்னு நான் சொல்லிடறேன்."

நியாயமான பேச்சு. யுவராணி அதற்கு மேல் கேட்கவில்லை. ஞானசேகரன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் அவள் தீ மிதித்தாள். நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்று பார்த்தேன். மறுநாள் காப்பை அவிழ்த்ததும் அவளே குட்டி யானையின் முன்சீட்டில் ஏறிப் பாலத்தைத் தாண்டிப் போனாள், பின்னால் பிரஸ். அடுத்த வாரம் பவித்ரா ஷெட்டுக்கு வந்து, திரும்பவும் எல்லாவற்றையும் அளந்து, கையெழுத்துப் போட்டார். ஆர்டர் யுவராணியின் பேரில் வந்தது, இடையில் வேறு யார் பேரும் இல்லை.

தெரு முழுக்க ஆத்தா கொடுத்தாள், ஆத்தா கொடுத்தாள் என்று ஒரே பேச்சு. அவளுக்கு அதுவும் பொறுக்கவில்லை. "அவ தாண்டாதன்னா, நான் தாண்டல. மிஷின நீங்களா இறக்குனீங்க, அவளா இறக்குனா? நாங்க இறக்குனோம்." இதைக் கேட்டதும் எனக்கு வாயெல்லாம் பல். அப்படிச் சொல்லு, எல்லாம் உழைப்புதான் என்றேன். என் பக்கம் திரும்பினாள். "நீ சும்மா இரு அண்ணாத்தே. அவ இல்லாங்காட்டி எனுக்கு ஏது இந்தத் திமிரு?" எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

இந்த வருஷம் ஆடி நெருங்குகிறது. பெரிய ஆர்டர், ஷெட்டில் இப்போது இரண்டு பிரஸ், ஏழெட்டுப் பெண்கள். போன வாரம் ஞானசேகரன் ஷெட்டுக்கு வந்தார். பிசிர் வெட்டும் வேலையில் கொஞ்சம் தன் ஆட்களுக்குத் தரக் கேட்டு வந்தவர், கையோடு ஒரு யோசனையும் கொண்டுவந்திருந்தார். ஊர் பெரிசாகிவிட்டதாம். பூசாரியிடம் பேசிவிட்டாராம். ஒரு பூஜை போட்டு அந்தக் கல்லைப் பெயர்த்து ஷெட்டுக்கு அந்தப் பக்கம் நட்டுவிட்டால், யாருக்கும் தொந்தரவு இல்லையாம்.

நான் அப்போது இரண்டாவது பிரஸ்ஸுக்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தேன். யுவராணி பம்ப் அடிப்பதை நிறுத்தவில்லை.

"கல்லு மேல கை வெச்சீங்க, அப்பால நடக்குறதே வேற. எல்லை அங்கியே கெடக்கட்டும். மிஷினு தான் நவுரும்."

ஞானசேகரன் என்னைப் பார்த்தார். நான் செயின் பிளாக்குக்கு எண்ணெய் போட எழுந்து போனேன்.